குசினி விளக்கு பதில் சொல்லவில்லை

என் தொழில் அடுத்தவர் வீட்டுக்குக் கேமரா மாட்டுவது. வரக்காப்பொல டவுனில் கேமரா, ரவுட்டர் விற்கிற கடையொன்றில் ஆறு வருடமாக வேலை செய்கிறேன். ஏணியைத் தூக்கிக்கொண்டு ஒரு பொம்பிளைப் பிள்ளை படியேறி வந்தால் சனங்கள் முதலில் என்னைப் பார்ப்பார்கள், பிறகு எனக்குப் பின்னால் யாராவது வருகிறார்களா என்று பார்ப்பார்கள். ஒருவரும் வரமாட்டார்கள். நான் பாட்டுக்குச் சுவரில் துளை போட ஆரம்பித்துவிடுவேன். இந்த டவுனில் பாதிக் கடைகளின் கண் என் கையால் வைத்த கண்தான்.

ஆனால் என் சொந்த அம்மாவின் வீட்டில் ஒரு கேமரா வைக்க என்னால் முடியவில்லை.

அம்மா இருந்தது புளத்கொகுபிட்டியவுக்கு மேலே, ரப்பரும் தேயிலையுமாகக் கலந்து கிடக்கிற ஒரு தோட்டத்தில். ஒரே கூரைக்குக் கீழே வரிசையாக எட்டு வீடு கொண்ட லயம். எங்களுடையது கடைசி, தொங்கல் வீடு. முன்னால் திண்ணை மாதிரி ஒரு இஸ்தோப்பு, நடுவில் படுக்க ஒரு காம்பரா, பின்னால் சமைக்கிற குசினி. குசினிச் சுவருக்கு அந்தப் பக்கம் இரண்டு அடி சந்து, அதற்கு அந்தப் பக்கம் நேராக மலை. மலையை வெட்டித்தான் லயம் கட்டியிருந்தார்கள். வெட்டிய இடம் வெட்டியபடியே நின்றது. அதனால் பட்டப்பகலில்கூட எங்கள் குசினி இருட்டாகத்தான் இருக்கும்.

அப்பா போன பிறகு அம்மா தனியாக இருந்தாள். விடியக் காலையில் ரப்பர் பால்வெட்டப் போய், பால் நிறுத்துக் கொடுத்துவிட்டு மத்தியானம் திரும்புவாள். முந்திய வருட மழையில் வீட்டுக்கு மேலே இருக்கிற மேட்டில் ஒரு வெடிப்பு விழுந்தது. என் கை மணிக்கட்டு வரை உள்ளே போனது. அதிகாரிகள் வந்து அளந்தார்கள், ஒரு கல்லில் சிவப்புப் பெயின்டில் கோடு போட்டார்கள், எங்கள் லயத்தைப் பட்டியலில் சேர்த்தார்கள். சிவப்பு எச்சரிக்கை வந்தால் எட்டு வீடும் கீழே இருக்கிற தோட்டப் பள்ளிக்கூடத்துக்கு இறங்கிவிட வேண்டும். அவ்வளவுதான் ஏற்பாடு.

அந்த வெடிப்புக்குப் பிறகு மழைச் சத்தம் கேட்டாலே நான் போனைத் தூக்கிவிடுவேன். வரக்காப்பொலயிலிருந்து வீட்டுக்குப் போக இரண்டு பஸ் மாறி, அதற்குப் பிறகு மேலே நடக்கவும் வேண்டும். போன் எடுத்தால் அம்மா எடுக்கமாட்டாள். அவள் அதை மலைக்குக் கொண்டுபோவதே இல்லை. ரப்பர் பால் பட்டுவிடும் என்று பாண் பைக்குள் சுற்றி, அரிசி வாளிக்குள் வைத்து, மூடியைப் போட்டு மூடிவிட்டுப் போவாள். அரிசிக்குள்ளிருந்து அது அடித்து அடித்து ஓய்ந்துபோகும்.

கேமரா ஒன்று மாட்டுவோம் என்று கேட்டேன். அம்மா வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து சொன்னாள்.

"நான் என்னா களவா எடுத்துட்டேன், என்னைப் பாத்துக்கிட்டே இருக்கிறதுக்கு?"

அதோடு பேச்சு முடிந்தது. அம்மா ஒன்று வேண்டாம் என்றால் தலைகீழாக நின்றாலும் வேண்டாம்தான். அந்த வீம்பு எனக்கும் கொஞ்சம் வந்திருக்கிறது, அதனால் நான் வேறு வழி தேடினேன்.

கடையில் ஒரு பழைய சின்னக் கணினி கிடந்தது. ஏதோ ஆபீஸிலிருந்து கழித்துப் போட்டது, பைபிள் அளவுதான் இருக்கும். கடைக்கார நானாவிடம் கேட்டேன், எடுத்துக்கொண்டு போ என்றார். வீட்டுச் சாமான்களை ஒன்றாகக் கட்டி மேய்க்கிற மென்பொருள் ஒன்று இலவசமாகக் கிடைக்கிறது. அதை அந்தக் கணினியில் ஏற்றினேன். சிம் போடுகிற ரவுட்டர் ஒன்று வாங்கி, கூரைக்கு மேலே குழாய் நட்டு, அதன் நுனியில் அன்டெனாவைக் கட்டி டவர் இருக்கிற பக்கம் திருப்பினேன். கணினிக்கும் ரவுட்டருக்கும் கரண்ட் போனாலும் சாகாதபடி ஒரு த்ரீவீலர் பற்றறி. பிறகு வைஃபையில் பேசுகிற பல்ப் இரண்டு, ஒன்று இஸ்தோப்புக்கு, ஒன்று குசினிக்கு. டீவிக்கு ஒரு வைஃபை பிளக். இவ்வளவையும் தூக்கிக்கொண்டு லயத்துக்கு ஏறிய நாளில், பக்கத்து வீட்டு அக்கா இது கல்யாணச் சாமானா என்று கேட்டாள்.

வேலை இதுதான். அந்தக் கணினி முப்பது விநாடிக்கு ஒரு தடவை வீட்டில் இருக்கிற ஒவ்வொரு சாமானையும் பெயர் சொல்லிக் கூப்பிடும். ரவுட்டரே இருக்கிறாயா, பல்பே இருக்கிறாயா, பிளக்கே இருக்கிறாயா, அம்மாவின் போனே இருக்கிறாயா. ஒவ்வொன்றும் இருக்கிறேன் என்று ஒரு சொல் சொல்ல வேண்டும். மூன்று தடவை கூப்பிட்டும் ஒன்று பேசாவிட்டால், இன்னது பதில் சொல்லவில்லை என்று எனக்குச் செய்தி வரும். லயத்தில் சுவர் கூரை வரை போகாது. நாங்கள் சின்னவர்களாக இருக்கையில் அம்மா இங்கிருந்து ஒரு குரல் கொடுப்பாள், சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து பக்கத்து வீட்டு அக்கா ஒரு உம் சொல்லுவாள். அதே வேலையை நான் கணினிக்குச் சொல்லிக்கொடுத்தேன். சாமான்கள் உயிரோடு இருந்தால் வீடு உயிரோடு இருக்கிறது, வீடு இருந்தால் அம்மா இருக்கிறாள் என்பது என் கணக்கு.

போன் மட்டும் கொஞ்சம் சண்டித்தனம் பண்ணியது. சும்மா கிடக்கிற போன் தூங்கிவிடும், கூப்பிட்டால் பேசாது. ஆள் வெளியே போய்விட்டதாகக் கணினி நினைத்துக்கொள்ளும். அதனால் போன் பேசாமல் போய்ப் பத்து நிமிடம் கழித்தே வெளியே என்று எழுதும்படி வைத்தேன். இந்தப் பத்து நிமிடம் ஒருநாள் என் உயிரை வாங்கும் என்று அப்போது தெரியாது.

வேலையை முடித்துவிட்டு நான் கேகாலை பஸ்ஸில் ஏறி உட்கார்ந்து முழுதாக ஒரு மணித்தியாலம் ஆகவில்லை. செய்தி வந்தது. குசினி விளக்கு பதில் சொல்லவில்லை.

சாமான் மட்டம் என்று நினைத்தேன். அடுத்த கிழமை போய்ப் பார்த்தால் பல்பில் ஒரு பிழையும் இல்லை. அம்மா சுவரில் இருக்கிற சுவிட்சை அணைத்திருந்தாள். இந்தப் பல்புக்குச் சுவிட்சை எப்போதும் போட்டே வைக்க வேண்டும், அணைப்பதும் போடுவதும் சுவரில் ஒட்டி வைத்த சின்னப் பட்டனில், சுவிட்சை அணைத்தால் பல்பு செத்த பிணம் மாதிரி, அதோடு யாரும் பேச முடியாது என்று நான் விளக்கினேன். அம்மா எல்லாவற்றுக்கும் ஹரி ஹரி, சரி சரி என்று தலையாட்டினாள். நான் பஸ் ஏறினேன். குசினி விளக்கு பதில் சொல்லவில்லை.

அதற்கடுத்த கிழமை சுவிட்சின் மேல் கறுப்பு டேப்பைக் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டினேன். அதற்கடுத்த கிழமை போனபோது டேப் சுவிட்சில் இல்லை. ஜன்னல் கட்டையில் சுருக்கம் இல்லாமல் ஒட்டி வைத்திருந்தாள், பிறகு எதற்காவது உதவுமாம். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. வாய்க்கு வந்தபடி கத்தினேன். இவ்வளவு பாடுபட்டு ஒரு வேலை செய்தால், நீங்கள் ஒரு சுவிட்சைத் தொடாமல் இருக்கக்கூடாதா என்றேன்.

"ஆளு இல்லாத வீட்டுல லைட்டு எரியலாமா புள்ள?" என்றாள் அம்மா. கத்தவில்லை. அதுதான் எனக்கு இன்னும் கோபம்.

அவளுடைய பக்கத்தையும் சொல்ல வேண்டும். எங்கள் லயத்துக்குக் கரண்ட் வந்த புதிதில் எட்டு வீட்டுக்கும் ஒரே வயர். ஒரு வீட்டில் இரண்டு பல்பு எரிந்தால் அடுத்த வீட்டில் மங்கிப்போகும். கடைசி வீடான எங்களுக்கு வருவது மிச்சம் மீதிதான். அதனால் காம்பராவை விட்டு எழும்பினால் சுவிட்சைத் தட்டிவிட்டு எழும்புவது லயத்தில் மரியாதை. தட்டாமல் போனால் சுவருக்கு மேலாகப் பேச்சு வரும். வயர் மாறி எத்தனையோ வருடமாகிவிட்டது, அம்மாவின் கை மாறவில்லை. வாசலைத் தாண்டுமுன் அந்தக் கை சுவிட்சுக்குப் போகும். எனக்கும் தெரியும். இருந்தாலும் என் பல்பு என் பல்புதானே.

கிட்டத்தட்ட விட்டுவிட்டேன். ஒவ்வொரு நாளும் மூன்று நான்கு தடவை போன் முனகும், குசினி விளக்கு பதில் சொல்லவில்லை என்று. பார்க்காமலே தள்ளிவிடுவேன். ஒரு மத்தியானம் கடையில் ஆள் இல்லை. பின்னறையில் சோற்றுப் பார்சலை விரித்து வைத்துக்கொண்டு, எரிச்சலோடு அந்த விளக்கின் ஒரு மாதப் பதிவைத் திறந்து பார்த்தேன். பதில் சொன்ன நேரம் நீலம், சொல்லாத நேரம் சாம்பல். ஒரு நாளுக்கு ஒரு பட்டை, ஒன்றின் கீழ் ஒன்றாக முப்பது பட்டைகள்.

சோற்றில் வைத்த கை அப்படியே நின்றது.

காலை நாலே முக்காலுக்கு நீலம். அம்மா எழும்பி அடுப்பு மூட்டுகிறாள். ஐந்தரைக்குச் சாம்பல். காலையில் ஆள் எண்ணி வேலை பிரிக்கிற பிரட்டுக்குப் போகிறாள். மத்தியானம் வரை சாம்பல், பிறகு நீலம், சோறு ஆக்குகிறாள். கொஞ்ச நேரம் சாம்பல், அது அவள் குளிக்கப் போகிற நேரம். பின்னேரம் நீலம். மழை பெய்து வேலை இல்லாத நாளில் காலைச் சாம்பல் இல்லை. வெள்ளிக்கிழமைகளில் ஐந்து மணிக்கு ஒரு துண்டுச் சாம்பல், கோயிலுக்குப் போய் வருகிறாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை பகல் முழுவதும் நீலமாகவே இருந்தது. அன்று நான் வீட்டுக்குப் போயிருந்தேன். அம்மா குசினியை விட்டு வெளியே வரவே இல்லை.

கேமரா வேண்டாம் என்ற அம்மா, ஒரு சுவிட்சால் தன் நாளையெல்லாம் எனக்கு எழுதி அனுப்பிக்கொண்டே இருந்திருக்கிறாள். நான் அதைப் பழுது என்று தள்ளிவிட்டுக்கொண்டிருந்தேன். இந்தத் தொழிலில் இத்தனை வருடம் இருந்து நான் பார்த்த எந்தக் கேமராவும் ஒரு மனுஷியை இவ்வளவு சரியாகக் காட்டியது இல்லை. முகம் இல்லை, சத்தம் இல்லை, வெறும் இருக்கிறேன், இல்லை. அதற்குள் என் அம்மா நடமாடினாள். வெட்கமாகவும் இருந்தது, பெரிய கோயிலுக்குள் முதல் தடவை நுழைந்த மாதிரி வாய் அடைத்தும் போயிருந்தது. சோறு ஆறிவிட்டது.

அன்றிலிருந்து கணினிக்கு மூன்று பாடம் புதிதாகச் சொல்லிக்கொடுத்தேன். பல்புகளும் டீவிப் பிளக்கும் சேர்ந்து பேசாமல் போனால் கரண்ட் இல்லை. எல்லாமே பேசாமல் போனால் ரவுட்டர் போய்விட்டது. மற்றவை பேசும்போது குசினி விளக்கு மட்டும் பேசாவிட்டால், அது என் அம்மாவின் கை. டேப்பைப் பற்றி நான் மறுபடியும் வாய் திறக்கவில்லை. அம்மாவும் ஏன் என்று கேட்கவில்லை, தான் ஜெயித்துவிட்டதாக நினைத்திருப்பாள்.

ஒருநாள் ஏழு மணியாகியும் அந்த விளக்கு விழிக்கவில்லை. மழையும் இல்லை. பக்கத்து வீட்டு அக்காவுக்குப் போன் பண்ணி, போய்ப் பாருங்கள் என்றேன். அம்மா காய்ச்சலில் சுருண்டு கிடந்தாள். அக்கா கசாயம் வைத்துக் கொடுத்துவிட்டுப் போனை அவளிடம் நீட்டினாள்.

"ஒனக்கு எப்பிடித் தெரியும்?" என்று அம்மா கேட்டாள்.

விளக்கு சொன்னது என்றேன். சரி, லைட்டோடயாவது பேசு என்று முனகிவிட்டு அம்மா படுத்துவிட்டாள்.

அந்த வருடத்து மழை நின்று நின்று வராமல் நான்கு நாள் ஒரே பிடியாகப் பிடித்தது. மூன்றாம் நாளே சிவப்பு எச்சரிக்கை வந்துவிட்டது. கிராம சேவகர் மாத்தயா குடையோடு ஏறி வந்து எட்டு வீட்டையும் இறக்கினார் என்று அக்கா சொன்னாள். பாயும் துணியும் அடையாள அட்டையும் கட்டிக்கொண்டு எல்லோரும் பள்ளிக்கூடத்துக்குப் போனார்கள். அம்மாவும் போனாள். நான் பாதி உயிரோடு இருந்தேன், ஏனென்றால் இப்படி இரண்டு தடவை இறங்கி, மலைக்கு ஒன்றும் ஆகாமல், இரண்டு தடவையும் திரும்பி ஏறியிருந்தார்கள். மூன்றாம் தடவை இறங்குகிறவர்களுக்குப் பயம் குறைந்துவிடும். அடிக்கடி மேலே போய் மாட்டைப் பார்ப்பார்கள், மிளகாய்த் தூளை எடுத்து வருவார்கள்.

நான்காம் நாள் பின்னேரம் நான் கடையில்தான் இருந்தேன். ரோட்டில் தண்ணீர் ஏறி பஸ் நின்றுவிட்டது, நினைத்தாலும் போக முடியாது. காலையிலிருந்து என் போனில் பார்த்துக்கொண்டிருந்தேன். ரவுட்டர் பேசுகிறது. டீவிப் பிளக் பேசுகிறது. இஸ்தோப்பு விளக்கு பேசுகிறது, அவசரத்தில் அந்தச் சுவிட்சை மறந்திருக்கிறாள். குசினி விளக்கு முந்தின நாளிலிருந்து சாம்பல். அம்மாவின் போன்: வெளியே. எல்லாம் இருக்க வேண்டியபடி இருந்தது.

மூன்று ஐம்பத்திரண்டுக்குச் செய்தி வந்தது. குசினி விளக்கு பதில் சொல்கிறது.

ஆள் இல்லாத லயத்தில், அந்த மலைக்குக் கீழே, எங்கள் குசினியில் யாரோ சுவிட்சைப் போட்டிருக்கிறார்கள். யாரோ என்ன யாரோ, அம்மாதான்.

அம்மாவின் போனுக்கு அடித்தேன். அக்கா எடுத்தாள். போன் பள்ளிக்கூடத்தில் சார்ஜில் கிடந்ததாம். அம்மா இப்போதுதான் பக்கத்தில் இருந்தாள், பாத்ரூம் போயிருப்பாள் என்றாள். நான் சொன்னேன்.

"அக்கா, அம்மா வீட்டுல இருக்கு. குசினியில இருக்கு. ஓடுங்க அக்கா."

அக்கா எப்படித் தெரியும் என்று கேட்கவில்லை. காய்ச்சல் நாள் அவளுக்கு நினைவிருந்திருக்கும். கூடை, கோழி, என்று யாரிடமோ ஏதோ சொல்வது கேட்டது, பிறகு மழைச் சத்தம், பிறகு அவள் மூச்சு வாங்குகிற சத்தம். அம்மாவின் போனைக் கையில் பிடித்தபடியே படியேறி ஓடுகிறாள். பாதியில் லைன் அறுந்துவிட்டது. திருப்பி எடுத்தேன், போகவில்லை.

அதற்குப் பிறகு எனக்கு இருந்தது அந்தச் சின்னத் திரை மட்டும்தான். கடைக்கார நானா கல்லாவை விட்டு எழும்பி வந்து என் தோளுக்குப் பின்னால் நின்றார். அவருக்குக் கேமராக்களைத் தெரியும், இந்தப் பட்டியலைத் தெரியாது.

மூன்று ஐம்பத்தாறு. அம்மாவின் போன்: வீட்டில். அக்கா வாசலுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டாள், போன் எங்கள் வைஃபையைப் பிடித்துவிட்டது. இப்போது இரண்டு பேர் அங்கே. நான் அனுப்பின உயிரும் சேர்த்து இரண்டு. எங்கள் குலதெய்வத்திலிருந்து கடைக்கு முன்னாலிருக்கிற அரசமரத்துப் பிள்ளையார் வரை எல்லோரையும் கூப்பிட்டேன். கணினியும் தன் பாட்டுக்கு முப்பது விநாடிக்கு ஒரு தடவை கூப்பிட்டுக்கொண்டிருந்தது. ரவுட்டர் இருக்கிறேன் என்றது. பிளக் இருக்கிறேன் என்றது. இஸ்தோப்பு இருக்கிறேன் என்றது. குசினி இருக்கிறேன், இருக்கிறேன் என்றது. ஒரு பல்ப் வாய் மூட வேண்டும் என்று யாராவது இப்படி வேண்டியிருப்பார்களா தெரியாது.

நான்கு மணி. குசினி விளக்கு பதில் சொல்லவில்லை.

உடனே மற்றவற்றைப் பார்த்தேன். டீவிப் பிளக் பேசுகிறது, ஆகவே கரண்ட் இருக்கிறது. இஸ்தோப்பு பேசுகிறது. ரவுட்டர் பேசுகிறது. குசினி மட்டும் இல்லை.

"அம்மா வெளிய வந்துட்டாங்க நானா," என்றேன்.

"எப்பிடிப் புள்ள சொல்றீங்க?"

"லைட்ட அணைச்சிட்டாங்க."

அவர் என்னைப் பார்த்த பார்வையில், பாவம் இந்தப் பிள்ளைக்குப் பித்துப் பிடித்துவிட்டது என்பதுதான் இருந்தது. எனக்குத் தெரியும். ஒரு நாள் இரண்டு நாள் அல்ல, ஐந்து மாதப் பட்டைகளை நான் பார்த்திருக்கிறேன். அந்தக் குசினியில் ஆள் இருக்கும்போது அந்த விளக்கு ஒருமுறைகூடச் செத்தது இல்லை. அம்மா வாசலைத் தாண்டுகிற நேரம்தான் அது சாகும்.

நான்கு ஏழு. ரவுட்டரின் சத்தம் இல்லை. இஸ்தோப்பின் சத்தம் இல்லை. பிளக்கின் சத்தம் இல்லை. என் போன் கூப்பிட, வீட்டுக் கணினியே பதில் சொல்லவில்லை. எல்லாம் ஒரே மூச்சில்.

கடைசியாக வந்த பட்டியல் அப்படியே திரையில் உறைந்து நின்றது. அதில் ஒரு வரி, அம்மாவின் போன்: வீட்டில். நான் வைத்த பத்து நிமிடம் அது. போன் வெளியேறியிருந்தாலும் பத்து நிமிடம் போகும்வரை அது வீட்டில் என்றுதான் எழுதும், அதற்குள் எழுதுகிறதே போய்விட்டது. அது பொய் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் அந்த வரியைப் பார்க்க முடியவில்லை. போனைக் கவிழ்த்து மேசையில் வைத்துவிட்டு, நான்கு மணி, குசினி, நான்கு மணி, குசினி என்று எனக்குள் சொல்லிக்கொண்டே இருந்தேன். ஏழு நிமிடம். ஒரு மனுஷி எங்கள் வாசலிலிருந்து ஏழு நிமிடத்தில் எவ்வளவு தூரம் இறங்குவாள் என்று கணக்குப் பார்த்தேன். நல்ல வெயிலில் பள்ளிக்கூடம் வரை. மழையில், சேற்றில், எவ்வளவு? நானா ஒரு பிளேன்டி கொண்டுவந்து வைத்தார். அவரே பிறகு அதை எடுத்துக்கொண்டு போனார்.

முக்கால் மணித்தியாலம் கழித்து அம்மாவின் போனிலிருந்து அழைப்பு வந்தது. எடுத்துக் காதில் வைத்தேன். அந்தப் பக்கத்தில் முதலில் கேட்டது ஒரு கோழி கொக்கரிக்கிற சத்தம்.

அம்மாதான் பேசினாள். கடைசி மூன்று வீடும் போய்விட்டது என்றாள். நம்முடைய வீடு இருந்த இடம் எது என்றே தெரியவில்லை, மண் சரிந்து பள்ளிக்கூடப் படி வரை வந்திருக்கிறது, ஆளுக்கு ஒன்றும் இல்லை, எல்லோரையும் எண்ணிப் பார்த்தாயிற்று என்றாள். நான் அழுதேன். பிறகு, தான் ஏன் போனாள் என்பதைத் தானாகவே சொன்னாள். இறங்குகிற அவசரத்தில் இரண்டு கோழியையும் குசினியில் கூடைக்குக் கீழே கவிழ்த்து வைத்துவிட்டு வந்துவிட்டாள். இரவெல்லாம் அதே நினைப்பு. உயிருள்ளதை மூடி வைத்துவிட்டு வந்து பாயில் படுத்தால் தூக்கம் வருமா என்று என்னைக் கேட்டாள்.

எனக்கு ஒன்று கேட்க வேண்டியிருந்தது.

"அம்மா, வெளிய வரும்போது லைட்ட அணைச்சீங்களா?"

"அணைக்காம வருவாங்களா? அவ வாசல்ல நின்னு வா வான்னு கத்துறா, மேல மரமெல்லாம் மொறியிற சத்தம் கேக்குது. ரெண்டு கையிலயும் கோழி. முழங்கையாலதான் அணைச்சேன்."

எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன.

ரோடு திறந்த பிறகு போய்ப் பார்த்தேன். எங்கள் வீடு இருந்த இடத்தில் சிவப்பு மண்ணும் இரண்டு ரப்பர் மரமும் கிடந்தன, மரங்கள் பச்சை இலையோடு. நான் அன்டெனா கட்டிய குழாயின் நுனி மட்டும் ஒரு சாண் வெளியே நின்றது. கணினி, பற்றறி, பல்பு, சுவிட்சு, ஜன்னல் கட்டையில் ஒட்டியிருந்த டேப், எல்லாம் அதற்குக் கீழே எங்கேயோ. என் தொழிலில் நான் எத்தனையோ சாமானை எத்தனையோ உயரத்தில் மாட்டியிருக்கிறேன், பெருமையும் பட்டிருக்கிறேன். அங்கே நின்றபோது எனக்குப் பெருமை ஒன்றும் வரவில்லை. அந்த மலையையும் பார்த்தேன், பக்கத்தில் நின்ற என் அம்மாவின் முழங்கையையும் பார்த்தேன். இரண்டில் எது பெரியது என்று எனக்கு உண்மையிலேயே தெரியவில்லை.

அம்மாவுக்கு இப்போது தோட்டத்தில் பழைய ஸ்டாப் குவார்ட்டஸ் ஒன்றில் இரண்டு அறை கொடுத்திருக்கிறார்கள். மலை தூரத்தில் இருக்கிறது, ஆனால் நிரந்தர வீடு என்று யாரும் சொல்லவில்லை. அக்கா குடும்பம் பக்கத்து அறையில். அங்கேயும் சுவர் கூரை வரை போகவில்லை, அதில் இரண்டு பேருக்கும் சந்தோஷம். கோழி இரண்டும் ஆறாகிவிட்டன. நானா பழைய கணினி இன்னொன்று தேடிக் கொடுத்தார், இந்தத் தடவை ரவுட்டரையும் தன் பங்குக்கு வைத்தார். நான் போய் எல்லாவற்றையும் மறுபடியும் மாட்டினேன்.

குசினிப் பல்பை மாட்டும்போது அம்மா பக்கத்தில் நின்றாள். அவளாகவே, இனிமேல் சுவிட்சைத் தொடமாட்டேன், நீ சொன்ன பட்டனையே அமுக்குகிறேன் என்றாள். அவள் எனக்காக விட்டுக்கொடுத்தது என் நினைவில் அது ஒன்றுதான்.

"வேணாம்மா. சுவிட்சிலயே அணைங்க," என்றேன்.

அம்மா என்னைச் சந்தேகமாகப் பார்த்தாள்.

கணினியில் ஒரு வேலை மட்டும் மிச்சம் இருந்தது. எனக்கு வருகிற செய்தியின் வாசகத்தை மாற்றினேன். இப்போதும் ஒவ்வொரு நாளும் விடியக் காலை ஐந்தரைக்கு, வரக்காப்பொலயில் நான் இன்னும் பாயில் கிடக்கையில், போன் ஒருமுறை முனகும். எடுத்துப் பார்ப்பேன். அம்மா புறப்பட்டாச்சு என்று இருக்கும்.